சீட்டுக்கு அடியில் வைத்த தகரம்

ஒரகடத்தில் இறங்கி யாரை வேண்டுமானாலும் என்னைப் பற்றிக் கேளுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று பதினாறு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒவ்வொரு கதவும், ஒவ்வொரு ஜன்னல் கம்பியும் என் கையால் வெல்டிங் வைத்தது. இந்த மண்ணில் தண்ணீரே கிடையாது என்று போர் போட வந்தவன் இரண்டு முறை வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். மூன்றாம் முறை நான் காலால் கோடு கிழித்துக் காட்டிய இடத்தில் இறக்கினான். அது இன்றுவரை வற்றவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனி ஷெட்டுகள் எழும்பியபோது, இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல் உத்திரத்தில் உட்கார்ந்து இரும்பை இரும்போடு சேர்த்தவர்களில் நானும் ஒருவன். ஷிஃப்ட் பஸ் எங்கள் தெருமுனையில் நிற்காது என்றார்கள். நானே ஒரு நிழற்குடை செய்து நட்டேன். மறு மாதம் பஸ் நின்றது.

செய்தவன் பேர் தெரிய வேண்டும் என்பது என் கொள்கை. நிழற்குடையில் என் பேர் இருக்கிறது. அம்மன் கோயில் டியூப்லைட்டில், மின்விசிறியில், தண்ணீர்த் தொட்டியில், எல்லாவற்றிலும் 'உபயம்' என்று போட்டு என் பேரும் என் அப்பா பேரும் இருக்கும். "சாமி பேரு ஒரு எடத்துல கீது, உங்க பேரு ஒம்போது எடத்துல கீது. யாருக்குக் கற்பூரம் காட்டறதுன்னு பூசாரிக்கே தெரியல" என்று என் மனைவி கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும்.

என் கையால் செய்து, பேர் எழுதாமல் விட்ட வேலை ஒன்றே ஒன்று. அதைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

என்னிடம் வெள்ளை அம்பாசடர் ஒன்று இருந்தது. ஒரு டாக்டர் வீட்டிலிருந்து வாங்கியது. பத்தொன்பது வருடம் ஓட்டினேன். ஊரில் எத்தனையோ பெண்கள் மணப்பெண்ணாக அதில்தான் ஏறிப் போனார்கள். அதில் ஆஸ்பத்திரிக்குப் போய், அதிலேயே குழந்தையோடு திரும்பியவர்களும் உண்டு. கண் ஆபரேஷன் ஆன பிறகு, நான் ஓட்டக்கூடாது என்று என் மனைவி சாவியைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டாள். நின்ற வண்டி வீணாகும். விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

விற்பதற்கு முன்னால் சுத்தம் செய்யலாம் என்று டிரைவர் சீட்டுக்குக் கீழே இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். முன் கண்ணாடி ரப்பர் வழியாக வருடக்கணக்காகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தரைத் தகரம் அப்பளம் மாதிரி இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், கீழே ரோடு தெரிந்தது. சீட்டைத் தாங்கும் போல்ட்டுகள் அந்தத் தகரத்தில்தான் நிற்கின்றன.

வெல்டிங் பிடிக்கிற எவனுக்கும் இதற்கு என்ன செய்வது என்று தெரியும். அழுகினதையெல்லாம் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் புதுத் தகரம் சேர்க்க வேண்டும். அழுகல் மேல் வைத்த வெல்டிங் நிற்காது. எனக்கு அது தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். தெரிந்தேதான் செய்தேன்.

ஏன் செய்தேன் என்றால், என் வாய். டீக்கடையில் இருபது பேர் நடுவில், "என் வண்டியில ஒரு ஓட்டையக் காட்டுங்கடா, மீசைய எடுத்துடறேன்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். விற்கும்போது ஓட்டை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு துண்டு நல்ல தகரம் எடுத்து வந்து, அழுகலை வெட்டாமல் அதன் மேலேயே வைத்து ஓரத்தில் வெல்டிங் பிடித்தேன். கிரைண்டர் போட்டேன். பட்டி பூசினேன். கீழ்ப்பக்கம் தார் அடித்தேன். தார் புதிதாகப் பளபளத்தால் சந்தேகம் வரும் என்று, காய்வதற்குள் அதன் மேல் கைநிறைய செம்மண் எடுத்துத் தூவினேன். வேலை அவ்வளவு சுத்தம். எனக்கே எங்கே ஒட்டினேன் என்று தெரியவில்லை.

அடுத்து, கிளட்ச் பார்ப்பதற்காக மணிமங்கலம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் வண்டியை விட்டேன். அவர் கார் மெக்கானிக், எனக்கு இருபது வருடப் பழக்கம். அடியில் படுத்தவர் ஸ்பேனரால் இரண்டு இடத்தில் தட்டினார்.

"இன்னாண்ணே, இங்க சத்தம் வேற மாரி வருதே?"

"கொஞ்சம் துரு. ஒட்டு போட்டிருக்கேன்."

அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஒட்டுன்னு சொல்லி வில்லுங்கண்ணே. வாங்கறவன் உக்கார்ற எடம் அது."

"நான் சொல்லிக்கறேன் பாய். நீ கிளட்ச்ச பாரு."

நான் சொல்லிக்கொள்கிறேன் என்றால் சொல்லிவிடுவேன் என்று அவர் நம்பினார். இருபது வருடத்தில் நம்பாமல் இருக்க அவருக்கு நான் காரணம் கொடுத்ததில்லை.

வாங்க வந்தவர் வெளி ஆள் இல்லை. என் நாலாம் நம்பர் ரூமில் ஆறு வருடமாக இருக்கும் தம்பி. கோவில்பட்டிப் பக்கம். கார் கம்பெனியில் லைன் முடிகிற இடத்தில் அவருக்கு வேலை. வரிசையாக வரும் புது வண்டிகளை வெள்ளைக் கையுறை போட்டுத் தடவிப் பார்த்து, எங்கே பள்ளம், எங்கே மேடு என்று சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை அவர் விரல் கண்டுபிடிக்கும் என்பார்கள். அவருடைய அப்பா முப்பது வருடம் இன்னொருத்தருக்கு அம்பாசடர் ஓட்டியவர். சொந்தமாக ஒன்று வாங்கி அப்பாவைப் பக்கத்து சீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்பது தம்பியின் ஆசை.

கையுறையோடுதான் வந்தார். நான் குறைகளை வரிசையாகச் சொன்னேன். கிளட்ச் மாற்றியாகிவிட்டது. ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது. பின் பிரேக்கைப் பார்க்க வேண்டும். இடது பக்க வயரிங் போய்விட்டது. முன் கண்ணாடி ரப்பர் மாற்ற வேண்டும். இத்தனை குறையை வாய்விட்டுச் சொல்கிறவன் இன்னொன்றை மறைப்பான் என்று யார் நினைப்பார்கள்?

அவர் ரப்பர் விரிப்பை விலக்கித் தரையைத் தடவினார். என் ஒட்டு மேல் அவர் விரல் போனது, வந்தது, மறுபடி போனது. எங்கேயும் நிற்கவில்லை. பாவம் செய்கிறோம் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. கம்பெனிக்காரன் விரலையே என் கை ஜெயித்துவிட்டது என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

பிறகு அவர் ஒரு சாக்கை விரித்து, வண்டிக்குக் கீழே தலையை நீட்டினார். "கீழயும் ஒருக்கப் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

தட்டினால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். "இன்னா தம்பி, ஆறு வருஷமா என் வூட்டுல இருக்க. ஒரு நாளு தண்ணி வரலன்னு சொல்லியிருக்கியா? என்ன நம்பாம அடியில பூந்து பாக்கப் போறியா?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, அப்படி இல்ல அண்ணாச்சி. வேலப் பழக்கம்" என்று எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். கையுறையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தார். தப்பு செய்தவரைப் போல அவர் அதை மடித்து வைத்தது இன்றும் என் கண் முன்னால் நிற்கிறது.

வண்டி கைமாறியது. தம்பியின் அப்பா ஊரிலிருந்து வந்ததும், வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். பூஜை போட்டு, நாலு டயரிலும் எலுமிச்சம்பழம் நசுக்கித் திரும்பினார்கள். வழியில் ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியதும் டிரைவர் சீட்டின் பின்கால் தகரத்தைக் கிழித்துக்கொண்டு கீழே போனது. தம்பி மல்லாந்து விழுந்தார், பிரேக்கிலிருந்து கால் நழுவியது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஒரு புளியமரத்தில் மோதி நின்றது. அப்பாவுக்கு ஒரு கீறல் இல்லை. தம்பிக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. அவர் தடவிப் பார்க்கிற கை.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் பாய் பட்டறையில் விட்டார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் ஓட்டையைப் போட்டோ எடுத்து அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். கடைசியாக வண்டிக்கு அடியில் படுத்தவர் பாய்தானே. 'இந்த மெக்கானிக்கிடம் யாரும் போகாதீர்கள்' என்று எழுதினார்கள். பாய்க்கு வருகிற வண்டி எல்லாம் கம்பெனிப் பிள்ளைகளுடையதுதான்.

நாலாம் நம்பரில் தம்பியோடு கூட இருக்கும் பையன் எனக்கு ஆறுதல் சொன்னான். "அந்தப் பாய் உங்களையும்லா சேத்து ஏமாத்திட்டாரு அண்ணாச்சி. ஓட்டை இருக்குன்னு உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா?"

நான் "ம்" என்றேன்.

இத்தனை வருடத்தில் நான் பேசிய பேச்சை எல்லாம் ஒரு பக்கம் வையுங்கள். அந்த "ம்" ஒன்று போதும் என்னை எடை போட.

பதினோரு நாள் அப்படியே இருந்தேன். பன்னிரண்டாம் நாள் பட்டறைக்குப் போனேன். என் அம்பாசடரைத் தவிர வண்டியே இல்லை. பாய் ஸ்பேனர்களைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், ஏன் நீ உண்மையச் சொல்லல?"

"நீங்க சொல்லிக்கறேன்னீங்களேண்ணே. நான் பாட்டுக்கு முந்திக்கினு சொன்னா உங்க மரியாத இன்னா ஆவறது?" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நேராக நாலாம் நம்பருக்குப் போனேன். தம்பி மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அப்பா. இருவர் முன்னாலும் நின்றுகொண்டே சொன்னேன். அழுகல், தகரம், தார், செம்மண், எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் அன்னைக்குக் கீழ படுத்தேம்லா அண்ணாச்சி," என்றார் தம்பி. "நீங்கதான எந்திரிக்கச் சொன்னீய?"

அவ்வளவுதான் கேட்டார். அவருடைய அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ஜன்னல் கம்பியும் நான் செய்ததுதான்.

குரூப்பில் நானே சொல்கிறேன் என்றேன். தம்பி வாய்ஸ் மெசேஜ் போட போனைப் பிடித்துக்கொண்டார், நான் பேசினேன். ஒட்டுப் போட்டது நான், மறைத்தது நான், பாய் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று தெளிவாகப் பேசினேன். பதில் வர ஆரம்பித்தது. தம்பி படித்துக் காட்டினார். 'பெரியவர் மனசு பெருசு.' 'பாய் பிழைப்புக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார்.' கூடவே கும்பிடுகிற கை படங்கள் வரிசையாக வந்தன. ஊருக்கெல்லாம் நிழற்குடை போட்டவன் இப்படிச் செய்வானா என்று ஒருவன் கேட்டிருந்தான்.

எனக்கு வாழ்நாளில் வந்த பாராட்டிலேயே தாங்க முடியாதது அது.

மறுநாள் பட்டறையில் அந்தத் தகரத்தை நானே வெட்டி எடுத்தேன். அடியில் அழுகல் பொருக்குப் பொருக்காக ஒட்டிக்கொண்டு வந்தது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, கெட்டித் தகரம் வைத்து, சீட்டுக்குக் கீழே குறுக்குப் பட்டையும் கொடுத்தேன். முடிந்ததும் தம்பியைக் கூப்பிட்டு, சாக்கை நானே விரித்தேன். அவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அடியில் படுத்தார். இடது கையால் ஸ்பேனரை வாங்கி அங்குலம் அங்குலமாகத் தட்டினார். அரை மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து, "இப்பம் சரியா இருக்கு" என்றார். அதற்கு முன்னால் எந்தப் பேச்சிலும் கூடவே வருகிற 'அண்ணாச்சி' இந்த முறை வரவில்லை.

வெட்டி எடுத்த தகரத்தை எனக்கு எப்போதும் பேர் எழுதும் பெயிண்டரிடம் கொண்டுபோனேன். அவன் சிரித்தான். "இன்னா பெருசு, தகரத்தையும் கோயிலுக்குக் குடுக்கப் போறியா?"

"எழுதுடா. மொதல்ல உபயம்னு போடு. என் பேரு, எங்கப்பன் பேரு, ஊரு. அதுக்குக் கீழ, 'அழுகலை வெட்டாமல் இதை ஒட்டி, மறைத்து விற்றவன். பாய்க்கு இதில் பங்கில்லை'ன்னு எழுது."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. டியூப்லைட்டில் எழுதுவதைவிடப் பெரிய எழுத்தாகவே எழுதிக் கொடுத்தான்.

பாய் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "என் கட வாசல்ல எதுக்குண்ணே இந்த அசிங்கம்?" என்றார். அசிங்கம் என்னுடையது, இடம் மட்டும் கொடு என்று சண்டை போட்டு, நானே ஆணி அடித்து மாட்டினேன். இரண்டு மூன்று பைக்குகள் திரும்ப வர ஆரம்பித்திருக்கின்றன. ஆனாலும் அதைப் படித்துவிட்டு, "பெரியவருக்கு என்ன பெருந்தன்மை பாருங்க" என்று போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அவர்களுக்குத்தான் சொல்கிறேன். ரூம் கட்டினேன் என்றபோது நம்பினீர்கள், போர் போட்டேன் என்றபோது நம்பினீர்கள். இதையும் நம்புங்கள். வெல்டிங் ஓரத்தைப் பாருங்கள். அவ்வளவு நேரான கோடு இந்த ரோட்டில் வேறு எவன் கைக்கும் வராது. அது என் வேலை. அதில் என் பங்கை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். அதை என் பேரில்தான் சொல்ல வேண்டும்.