இரண்டு வயரிலும் எரிந்த டெஸ்டர்

டெஸ்டரை ஃபேனின் ஒரு வயரில் வைத்தேன், எரிந்தது. அடுத்த வயரில் வைத்தேன், அதிலும் எரிந்தது. ஃபேன் மட்டும் அசையவில்லை.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் எண்பதுகளின் தொடக்கத்திலேயே தலத்தெருவிலிருந்து விழிதியூர் வரைக்கும் வயரிங் என்றால் என்னைத்தான் தேடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, ஷாக் வாங்கி வாங்கியே கற்ற தொழில். அப்படிப்பட்ட எனக்கே பாடம் சொல்லிக்கொடுத்த நாள் அது. தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

குரும்பகரத்தில் கோவிந்தசாமி என்ற விவசாயியின் வீடு. மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். சித்திரை வெயில். மகளுக்காகப் புது சீலிங் ஃபேன் வாங்கி, அன்று காலையில் அவரே வயர் இழுத்து மாட்டிவிட்டார். சுற்றவில்லை என்றதும் எனக்கு ஆள் அனுப்பினார்.

"கரண்டு வருதுங்களா தம்பி?" நான் ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ரெண்டு பக்கமும் வருதுங்க, அதான் தப்பு. ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் திரும்பிப் போவணும். இந்த நியூட்ரல் கம்பி எங்கங்க போவுது?"

சிரித்தார். "அதுக்கு எதுக்கு மீட்டர் வரைக்கும் கம்பிய தண்டம் பண்ணணும்? வயக்காட்டு மோட்டார் கொட்டாயில போர் குழாயில கட்டித்தான பல்பு எரிக்கிறோம்? அதே மாதிரி கொல்லையில அடிபம்புல கட்டிட்டேன்."

"பம்புக் குழாய் இரும்புதானுங்களே?"

"இந்த உப்புத் தண்ணிக்கு இரும்பு தாங்குமா? போன மாசந்தான் பூரா பிளாஸ்டிக் எறக்குனேன். மேல தலை மட்டும் இரும்பு."

கொட்டகையில் இரும்புக் குழாய் வழியாகக் கரண்ட் பூமிக்குப் போய்விடும். இங்கே போக வழியில்லை. ஃபேனைக் கடந்து வந்து பம்பின் கைப்பிடியில் நிற்கிறது. தொடுகிறவர் உடம்புதான் அதற்கு வழி.

"செல்வி எங்கங்க?"

"ஒங்களுக்கு மோர் கலக்கத் தண்ணி அடிக்கப் போயிருக்கு."

"செல்வி! பம்பத் தொடாத!" என்று கத்தினேன். பதில் இல்லை. பம்பு அடிக்கும் சத்தம் கேட்டாலாவது உயிரோடு இருக்கிறாள் என்று தெரியும். அதுவும் இல்லை. அவர் மாட்டிய சுவிட்சை நம்ப முடியாது. குதித்து ஓடி மீட்டர் போர்டில் ஃப்யூஸைப் பிடுங்கினேன். அதைக் கையில் வைத்தபடியே கொல்லைக்கு ஓடினேன்.

ஈரச் சிமெண்டில் வெறுங்காலோடு செல்வி நின்றிருந்தாள். ஒரு கை வயிற்றில், இன்னொரு கை கைப்பிடிக்குப் பக்கத்தில்.

"என்னண்ணே இப்புடிக் கத்துறீங்க? புள்ள உதைச்சுது, செத்த நின்னுட்டு அடிக்கலாம்னு நின்னேன்."

பின்னால் வந்த கோவிந்தசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் கட்டுன கம்பி..."

பம்பில் கட்டியிருந்ததை அறுத்து எறிந்தேன். மீட்டரிலிருந்து தனியாக நியூட்ரல் இழுத்துக் கொடுத்தேன். ஃப்யூஸைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. பம்பில் டெஸ்டர் வைத்தேன், எரியவில்லை. அப்படியும் செல்வியைக் கிட்டே விடாமல், முதலில் நானே புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். என் தொழிலில் பயந்து தொட்ட ஒரே இரும்பு அதுதான்.

ஃபேன் சுற்றாத வீட்டில் ஃபேனை அப்புறம் பாருங்கள். முதலில் ஃப்யூஸைப் பிடுங்குங்கள். பிறகு, திரும்பிப் போகிற கம்பி எங்கே முடிகிறதோ அதுவரைக்கும் நடந்து போய்ப் பாருங்கள். அந்த முனையில் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.