ஜாக் பிளேட்டும் சந்தனப் பொட்டும்

"ஜாக் பிளேட் மாட்டியாயிற்று; மோட்டார் இரண்டு அங்குலம் மேலே" என்று என் டைரியில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். படகு மோட்டாரை ஏற்றி இறக்கும் அந்தத் தகட்டுக்கும் மோட்டாருக்கும் மனைவி பூஜை போட்டபின், நாங்கள் குடியிருக்கும் பிளானோ நகரிலிருந்து ஏரிக்குப் போனோம்.

ஸ்டார்ட் செய்ததும், மோட்டாரைக் குளிர்வித்துவிட்டு அதன் பக்கத்துளையில் பீச்சியடிக்க வேண்டிய தண்ணீர் வரவில்லை. உடனே அணைத்தேன். அதிகமாக உயர்த்திவிட்டேனோ, தண்ணீர் ஏறாமல் புது மோட்டார் வெந்துவிடுமோ என்று பயம். இறக்கிப் பார்த்தும் வரவில்லை.

"ஏங்க, அந்த ஓட்டைல என்னமோ அடைச்சிருக்கு பாருங்க."

"நீ வெச்ச சந்தனம்தான்!"

"நான் மேல கவர்லதான் வெச்சேன். சும்மா என்னை பிளேம் பண்ணாதீங்க."

கம்பியால் குத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன். தண்ணீர் பீறிட்டது, எனக்கும் மூச்சு வந்தது. அடைத்திருந்தது சந்தனமா, குளவி கட்டிய மண்ணா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.