படகுக்குக் காத்திருந்த ஆறு நாட்கள்

என் மகள் ஒரு கணினி விளையாட்டில் தண்ணீர் செய்தாள். இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் விளங்கவில்லை. மொன்றியலில் விளையாட்டுச் செய்கிற பெரிய கொம்பனிகள் நிறைய இருக்கின்றன. அவள் வேலை செய்தது அப்படி ஒன்றில் அல்ல. பழைய தையல் ஆலைக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் எட்டுப் பேர் சேர்ந்து வேலை செய்த சின்ன இடம். மூன்று வருடமாக ஒரே விளையாட்டைச் செய்தார்கள். ஒரு வயதான தபால்காரர் பெரிய ஆறொன்றின் இரண்டு கரைகளிலும் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுதான் கதை. அந்த ஆறும், அதில் போய் வருகிற படகும் என் மகளின் பொறுப்பு.

"முதல் மாசம் எப்பிடிப் போகுதெண்டு பாத்துத்தான் அப்பா, நாங்கள் அடுத்ததைச் செய்யிறதோ, எட்டுப் பேரும் வீட்ட போறதோ எண்டு தெரியும்" என்று சொல்லியிருந்தாள்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சென்ட் லோரன்ட்டில் ஒரு மருந்து ஆலையில் இருபத்திரண்டு வருடமாகக் குளிசைப் பெட்டி அடுக்குகிறேன். மகளின் வேலையில் என்னால் உதவக்கூடியது ஒன்றுதான் இருந்தது. மூன்று வருடமும் தினம் செபமாலையில் ஒரு பத்து மணியை அந்த விளையாட்டுக்கென்று ஒதுக்கினேன். எதற்காகச் செபிக்கிறேன் என்று கேட்பவர்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தபடியால் மாதாவுக்கு மட்டும் சொன்னேன்.

விளையாட்டு வெளிவந்த வாரம் மகள் சென்ட் மிஷேலில் உள்ள தன் வீட்டிலிருந்து எங்களிடம் வரவேயில்லை. வேலை அவ்வளவு. "ஞாயிற்றுக்கிழமைக்குப் பேந்து வந்து போட்டுத் தாறன், பொறுங்கோ" என்றாள். எனக்குப் பொறுக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து லாசாலில் இருக்கிற என் மனைவியின் தம்பி வந்தார். கணினி திருத்துகிறவர்.

"அத்தான், உங்கட மகளின்ர கேம். இந்தாங்கோ" என்று ஒரு பென் டிரைவை நீட்டினார்.

"அதுக்குள்ள வாங்கிப்போட்டியோ?"

"வாங்கிறதோ? கொப்பி அத்தான். வந்து ரெண்டாம் நாளே இன்ரநெற்றில கிடக்குது. ஒரிஜினலும் இதுவும் ஒண்டுதான்."

மகளின் படைப்பு இரண்டாம் நாளே உலகம் முழுக்கப் போய்விட்டது என்றுதான் என் காதில் விழுந்தது. நெஞ்சு நிறைந்துபோனது. "தம்பி, இதில இன்னும் ஒன்பது அடிச்சுத் தருவியோ?" என்று கேட்டேன்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. முதல் நன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, கொடுத்து மிஞ்சிய சின்ன உறைகள் வீட்டில் இருந்தன, உள்ளே பாலன் இயேசுவின் படத்தோடு. ஒவ்வொரு உறையிலும் ஒரு பென் டிரைவைப் போட்டு ஒட்டினேன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒன்பது குடும்பங்களுக்கு, "எங்கட பிள்ளை செய்தது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். கலியாண வீட்டில் பலகாரம் கொடுக்கிறவனைப் போல நடந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் நானும் வீட்டில் லப்டொப்பைத் திறந்து உட்கார்ந்தேன். மனைவி அம்புக்குறி எப்படி நகர்த்துவது என்று காட்டித் தந்தாள். தபால்காரரை ஊருக்குள் நடத்தி, கடிதங்களைச் சேர்த்து, ஒருவழியாக இறங்குதுறைக்குக் கொண்டுவந்தேன். ஆறு அழகாக இருந்தது. மூடுபனி வரும், விலகும். கடற்பறவை வந்து மரக்குற்றியில் இருக்கும். படகு மட்டும் வரவில்லை.

நான் காத்திருந்தேன். வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுத் தினமும் ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன். அகதி வழக்கு விசாரணைக்கு நாலு வருடம் காத்திருந்தவனுக்கு ஒரு படகு பெரிய விசயமா? இதுதான் விளையாட்டு, பொறுமைதான் இதில் சோதனை என்று நினைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீரைப் பார்த்துச் செபிக்க நன்றாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, உது பழுதாப்போச்சுப்போல" என்றாள் மனைவி.

"உனக்குப் பொறுமை காணாது."

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. அவளைச் சந்தோசப்படுத்த நினைத்துச் சொன்னேன்: "நல்ல விளையாட்டுப் பிள்ளை. மனுசருக்குப் பொறுமையைப் படிப்பிக்குது. ஆறு நாளா அந்தப் படகுக்கு நிக்கிறன்."

சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"எத்தினை நாள்?"

"ஆறு."

"அப்பா, அந்தப் படகு அரை நிமிசத்தில வரும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து மெதுவாக விளங்கப்படுத்தினாள். களவாக எடுத்த பிரதி என்று விளையாட்டு தானே கண்டுபிடித்தால், அதில் படகு வராதபடி எழுதியிருக்கிறார்கள். எழுதியது அவள்தான். விசயம் தெரியாமல் ஆட்கள் வந்து, "படகு வரவில்லை, பிழை இருக்கிறது" என்று எல்லோரும் பார்க்கிற இடத்தில் முறைப்பாடு எழுதுவார்களாம். எழுதினவர் காசு கொடுத்து வாங்கவில்லை என்று அப்போது வெளியே தெரிந்துவிடும். வேறு தண்டனை இல்லை. அவர்களது முதலாளி கடுமையான பூட்டுப் போடவேண்டும் என்று நின்றாராம். வாங்கினவர்களையும் பூட்டு கரைச்சல்படுத்தும், இப்படிச் செய்தால் களவாக எடுத்தவர்கள் வெட்கப்பட்டு வாங்குவார்கள் என்று மகள்தான் வாதாடினாளாம்.

"புதன்கிழமை ஒரு முறைப்பாடு வந்தது. இங்கிலீஷ் எழுத்தில தமிழ். எங்கட ஒஃபிசில ஒருத்தருக்கும் விளங்கேல்லை. மொழிபெயர்க்கச் சொல்லி என்னட்டத் தந்தவை." அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "'இது எங்கட பிள்ளை செய்த கேம். படகு வருகுதில்லை. ஆராவது உதவி செய்யுங்கோ' எண்டு இருந்தது. எல்லாருக்கும் முன்னால வாசிச்சனான் அப்பா. ஆர் இந்த ஆள் எண்டு மூண்டு நாளா யோசிச்சனான்."

மனைவி என்னைப் பார்த்தாள். பின்பு உறைகளைப் பற்றியும் சொல்லவேண்டியதாயிற்று. ஒன்பது என்றதும் மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் ஒண்டும் விக்கேல்லைப் பிள்ளை. பெருமையிலதான் குடுத்தனான்."

"நீங்க வேலை செய்யிற இடத்தில இருந்து ஒரு குளிசைப் பெட்டி வீட்ட கொண்டு வந்தனீங்களோ?"

"இருபத்திரண்டு வருசத்தில ஒரு குளிசை தொட்டதில்லை."

"ஏன்?"

"அது களவெல்லோ."

"அப்ப இது?"

"கொப்பி" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் எனக்கே கேட்டது.

எங்கள் ஆட்களுக்குக் கொப்பி என்றால் பள்ளிக்கூடத்தில் எழுதுகிற நோட்டுப் புத்தகமும் அதுதான். எவ்வளவு பிழையில்லாத சொல். படம் கொப்பி, பாட்டுக் கொப்பி என்று எத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறோம். களவு என்கிற சொல்லை அதற்குப் பக்கத்தில் ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. யார் செய்தது என்று தெரியாததால் நடந்தது என்றும் என்னால் சொல்ல முடியாது. செய்தவளை அவள் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அவள் மூன்று வருடம் தூக்கமில்லாமல் உழைத்ததும் தெரியும். திரையில் தெரிகிற பொருள் மழைபோலத் தானாக வருகிறது என்று மனதுக்குள் எங்கோ ஒரு நினைப்பு. கையால் தொட முடியாததை எடுத்தால் யாருடைய கையும் வெறுமையாவதில்லை என்கிற நினைப்பு.

மகள் அன்று சாப்பிடாமல் போனாள்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதர், "ஆண்டவரிட்டச் சொல்லிப்போட்டீங்கள். அந்த ஒன்பது வீட்டிலயும் சொன்னனீங்களோ?" என்று கேட்டார். அதுதான் எனக்குத் தந்த தண்டனை.

போக வாகனம் என்னிடம் இல்லை. மனைவியின் தம்பியைக் கேட்டேன்.

"அத்தான், உலகம் முழுக்கச் செய்யிற வேலை. நீங்க ஒராள் போய்ச் சொல்லி நிப்பாட்டப் போறியளோ? ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். என்னால போனது என்னோட நிண்டால் காணும்."

அவர் வரவில்லை. இரண்டு நாள் கழித்து மகளே தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மா சொல்லியிருக்கிறாள். "நான் கொண்டுபோறன். ஆனால் மேல வரமாட்டன்" என்றாள்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு புறப்பட்டோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவள் எஞ்சினை நிறுத்தாமல் காரில் இருப்பாள், நான் படியேறுவேன்.

முதல் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "அப்ப அண்ணை, நாங்கள் எல்லாரும் கள்ளரோ?"

"நீங்களில்லை. கள்ளன் நான். உங்களுக்குத் தெரியாமல் உங்கட வீட்டில வைச்சிட்டன்."

அவருடைய சிரிப்பு நின்றது. உறையை அப்படியே கொண்டுவந்து தந்தார். திறக்கவேயில்லை. இன்னொரு வீட்டில் அந்தம்மா, "உந்தப் படகால என்ர மனுசன் முதுகு பிடிச்சுக் கிடக்கிறார், முதலே சொல்லியிருக்கலாமே" என்று ஏசினார். ஒரு வீட்டில் பிள்ளைகள் முதலே கண்டுபிடித்து வாங்கிவிட்டிருந்தார்கள். ஒரு வீட்டில், குடுத்ததைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் எங்களுக்குள் இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

ஒன்பதாவது வீடு லாசாலில். என்னைவிட மூத்தவர், பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்தவர், தனியாக இருக்கிறார். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவருடைய முகம் வாடியது.

"தம்பி, இன்ரநெற்றில எழுதினது நான்தான். இடக்கையால ஒவ்வொரு எழுத்தாக் குத்தி எழுதினனான். பிள்ளையின்ர கேமில பிழை கிடந்தால் திருத்துவினமெண்டு நினைச்சன். பிள்ளைக்கு அதால ஏதும் கரைச்சலோ?"

கீழே போய்க் காரின் கண்ணாடியைத் தட்டி, எழுதினவர் இவர்தான், உனக்குக் கரைச்சலோ என்று கேட்கிறார் என்று சொன்னேன். மகள் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

மேலே போய், "அங்கிள், எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. நீங்க எழுதினதை வாசிச்சது நான்தான்" என்றாள்.

"படகு ஏன் பிள்ளை வரேல்லை?"

"வாங்கினால் வரும் அங்கிள்."

அவர் தலையாட்டினார். "அப்ப வாங்கிறது எப்பிடியெண்டு காட்டு."

அவள் அவருடைய பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு காட்டினாள். இடக்கையால் அவரே எழுதினார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் கேட்டார்: "நீ வாங்கிப்போட்டியோ தம்பி?"

எட்டு வீட்டில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. வீட்டிலிருந்த பிரதியை அழித்துவிட்டேன், உண்மை. மகள் செய்ததை அப்பன் காசு கொடுத்து வாங்குவதா, அவள் எப்படியும் தருவாள்தானே என்று இருந்துவிட்டேன். மகள் என்னைப் பார்த்தாள். அந்த நாள் முழுவதிலும் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"இல்லை அண்ணை" என்றேன். "கொஞ்சம் எழும்புங்கோ."

அவர் எழுந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து வங்கி அட்டையை எடுத்தேன். எழுத்துக்களைத் தேடித் தேடிக் குத்தினேன். வழமையாக இப்படி ஏதாவது நான் தடுமாறினால் மகள் பொறுக்கமாட்டாமல் கையிலிருந்து பறித்துத் தானே செய்துவிடுவாள். இந்த முறை பின்னால் நின்றுகொண்டு, எங்கே அழுத்தவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

ஓரிடத்தில் பெயர் கேட்டது. "உன்ர பேரைப் போடவோ?" என்று கேட்டேன்.

"இல்லை அப்பா. வாங்கிற ஆளின்ர பேர்" என்றாள். எழுதினேன்.