செண்பகம் டீச்சரிடம் மிஞ்சிய சொல்

வியாழக்கிழமை காலை, பிரார்த்தனை மணி அடிப்பதற்குச் சற்று முன்பு, பள்ளிக்கூட வாசலில் முருகேசன் நின்றார். தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்பவர். எங்கள் மாலை வகுப்பு மாணவர். என்னைக் கண்டதும், "டீச்சர் போயிட்டாவ" என்றார். எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை. உள்ளே போய் முதல் பீரியட் எடுத்தேன். என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷம் செண்பகமும் நானும் அந்த மாலை வகுப்பைத் தொடங்கினோம். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம், வீடு தாராவி. நான் மாதுங்கா. பகலில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை. சாயங்காலம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கிலீஷ். இதைப் படிப்பவர்களில் அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு இந்தச் சம்பவம் நினைவிருக்கும். கற்றுக்கொள்வது பற்றிய இங்கிலீஷ் சொற்களைச் செண்பகம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். மாஹிமில் காய் விற்கும் பேச்சியம்மாள், "எல்லாம் படிக்கிறதுதானே டீச்சர், அதுக்கு எதுக்கு இத்தனை வார்த்தை?" என்று கேட்டார்.

"நீங்க ஹிந்தி பேசுதியளே, அது எங்க படிச்சிய?"

"எங்க படிச்சேன், யாவாரம் பாக்கையில தானா வந்துட்டு."

"அப்படி வந்ததுக்குப் 'பிக் அப்'. பொஸ்தகத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்கது 'ஸ்டடி'. எந்திரிச்ச பொறவும் கூடவே வருதுல்லா, அதுதான் 'லேர்ன்'."

பேச்சியம்மாள் அதற்குப் பிறகு ஒரு வகுப்பும் தவறவிட்டதில்லை.

செண்பகம் இந்தச் சொற்களை வற்புறுத்தியதற்குக் காரணம் இருந்தது. நம் ஆட்களுக்குத் தொழில் தெரியும், சர்டிபிகேட் இருக்காது. இன்டர்வியூவில் "எங்கே கற்றாய்?" என்று கேட்டால் குற்றம் செய்தவர்களைப் போலத் தலை குனிந்துவிடுவார்கள். "'ஆன் த ஜாப்', வேலை பாத்தே படிச்சேன்னு நிமிந்து சொல்லணும். களவாண்டா வந்துச்சு?" என்பார். அப்படி நிமிர்ந்து சொல்லித்தான் முருகேசனின் தம்பி முலுண்ட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டிருந்த செண்பகம் பாதியில் நின்றார். வாய் ஒரு பக்கம் இழுத்தது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். பேச்சு வரவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது: "தெரியும்." பசிக்கிறதா என்றால் "தெரியும்." வலிக்கிறதா என்றால் "தெரியும்." தான் சொல்ல நினைத்தது அதுவல்ல என்பதும் அவருக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டி மறுப்பார்.

அவர் கணவர் சுப்பையா விக்ரோலியில் ஃபிட்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என்னிடம் கேட்டார்: "பயிற்சி குடுத்தா வரும்னு டாக்டர் சொல்லுதாரு. நீங்க சொல்லிக்குடுத்தா வந்திராதா டீச்சர்? எத்தனை பேருக்கு வரவச்சிருக்கீய."

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் தினமும் போனேன். டம்ளரைக் காட்டி, எங்கள் வீட்டுப் பழக்கத்தில் "ஜலம்" என்றேன். பிறகு திருத்திக்கொண்டு "தண்ணி" என்றேன். உதட்டைக் குவித்துக் காட்டினேன், விரலால் உள்ளங்கையில் எழுதினேன். தெரிந்த வழியெல்லாம் செய்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை தெளிவாக "தண்ணி" என்றார். சுப்பையா அழுதுவிட்டார். மறுநாள் அந்தச் சொல் போய்விட்டிருந்தது. செண்பகம் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆசிரியையாக இருந்த இத்தனை வருஷங்களில் அப்படி வெறுங்கையோடு நான் யார் எதிரிலும் உட்கார்ந்ததில்லை. பிறகொரு நாள் படங்கள் ஒட்டிய அட்டையை எடுத்துப்போனபோது, இடது கையால் மெதுவாகத் தள்ளிவிட்டார். போதும் என்பதற்கும் அவரிடம் வேறு சொல் இல்லை.

போன வாரம் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. இம்முறை ஒன்றும் மிஞ்சவில்லை.

அவருக்கு நான் ஒன்றும் கற்றுத்தரவில்லை. கற்றுக்கொண்டது நான்தான். போகப்போக அந்த "தெரியும்" ஒவ்வொன்றும் வேறுவேறாகக் கேட்கத் தொடங்கியது. இழுத்துச் சொன்னால் தாகம். வெட்டிச் சொன்னால் வலி. முடிவில் குரல் தாழ்ந்தால், இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போங்கள் என்று பொருள். சுப்பையாகூட என்னிடம்தான் கேட்டுக்கொள்வார். அந்த மொழி எனக்கு இன்னும் நன்றாகப் புரியும். பேசத்தான் ஆளில்லை.