வெறுங்கைக்குப் போன சபர்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: என் தம்பி; வள்ளத்தில் பாதி அவனுடையது. என் மனைவி. அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான். ஊரில் யார் படுத்தாலும் முதல் ஆளாக வந்து டீ குடிப்பவர். என் மகள், அவள் பினாங்கில், போனுக்குள். அவள் தோளுக்குப் பின்னால் மருமகன், சாப்பாட்டுக் கடை பனியனோடு. கடைசியாக நான். எல்லாரும் என் வலது கையைத்தான் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. வலி கிடையாது. பிடிக்கலாம், இறுக்கலாம். விரிக்கத்தான் வராது. தொழுகையில் சஜ்தாவுக்குக் குனியும்போது கை தரையில் படியாமல் நின்றது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அதோடு போயிருந்தால் கூட்டம் போட்டிருக்க மாட்டார்கள். முந்தின வாரம் கடலில் நங்கூரம் போட்டேன். ஓடுகிற கயிறு மடங்கின விரலில் மாட்டிக்கொண்டது. அடுத்தவன் கையாக இருந்தால் கயிறு உருவிப் போயிருக்கும். நான் கயிறோடு போனேன். தம்பி குதித்துத் தூக்கினான். கரைக்கு வந்ததும், இனி நீ வள்ளத்தில் ஏற வேண்டாம், கரையில் உட்கார்ந்து நண்டு வலையில் சிக்கெடு என்றான்.

கரையில் உட்கார்ந்து சிக்கெடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேசிப் பேசியே செத்துப் போவார்கள். எனக்குப் பேச்சு வராது.

மச்சான், இது வாதம் என்றார். எண்ணெய் போட்டு நீவினால் போய்விடும் என்றார். யாருக்குப் போயிருக்கிறது என்று கேட்டேன். அவர் டீயை உறிஞ்சிவிட்டு என் மனைவியிடம் திரும்பினார்.

"ஒண்ணுமில்லம்மா. கொடுத்துப் பழகாத கை. அதான் தானா மூடிக்கிருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும்தான். போனுக்குள்ளும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தேன். உள்ளங்கைத் தோலுக்கு அடியில் சவ்வு தடித்து வடம் மாதிரி ஆகி விரலை இழுக்கிறது, கையைத் திறந்து வெட்டி எடுக்க வேண்டும், ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரை தண்ணீரே படக்கூடாது என்றார் டாக்டர். அதற்குள் தம்பி வேறு ஆளை ஏற்றியிருப்பான். ஏறினவனை இறக்குவது சுலபமில்லை.

அப்போதுதான் மருமகன் வாயைத் திறந்தார். பினாங்கில் இதற்குக் கத்தியே கிடையாதாம். ஊசியால் குத்தியே வடத்தை அறுத்துவிடுவார்களாம். காலையில் போனால் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாமாம். கடைக்குச் சாப்பிட வந்த ஒருவர் கையைக் காட்டினாராம். மருமகன் சொன்னதில் பாதியைத்தான் நான் எப்போதும் நம்புவேன். இதில் பாதியே போதும் என்று பட்டது.

பாஸ்போர்ட் எடுக்க மதுரைக்குப் போனேன். ரேகை எடுக்கிற கண்ணாடி மேல் கையை வைக்கச் சொன்னது கவுண்டரில் இருந்த பிள்ளை.

"நாலு விரலையும் சமமா வச்சு அழுத்துங்கய்யா."

"அப்படி வைக்க முடிஞ்சா எனக்கு எதுக்கும்மா பாஸ்போர்ட்?"

அதற்குப் புரியவில்லை. பெரிய அதிகாரியைக் கூப்பிட்டது. அவர் வந்து என் கை மேல் தன் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். விரல் கேட்கவில்லை. படித்தவர் அழுத்தினால் விரியும் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு எதையோ தட்டிவிட்டு அனுப்பினார்கள்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு எங்கள் பக்கம் சபர் என்று பேர். சபர் போகிறவன் சம்பாதிக்கப் போகிறவன். கையைக் காட்டப் போகிறேன் என்று நான் சொன்னது ஒரு காதிலும் ஏறவில்லை. தெருவில் நிறுத்தி நிறுத்திச் சாமான் சொன்னார்கள். கோடாலித் தைலம், கைலி, மறுபடியும் கோடாலித் தைலம். மச்சான் கைலிக்கு நிறமும் சொன்னார்.

பினாங்கில் டாக்டர் ஒரு தமிழ்ப் பொம்பளை. மேசையில் கையைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். மூன்று விரல்தான் மேசையில் பட்டது. மரப்பு ஊசி போட்டார். அப்புறம் சின்ன ஊசியால் தோலுக்கு மேலேயே குத்திக் குத்தி, பழைய கயிற்றை இழை இழையாக அறுப்பது மாதிரி அறுத்தார். விரலைப் பிடித்து நிமிர்த்தினார். முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டது. மருமகன் வெளியே போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விரல் விரிந்தது.

அறுத்துத்தான் விட்டிருக்கிறேன், எடுக்கவில்லை, திரும்ப வந்தாலும் வரும் என்றார். ராத்திரியில் விரலை வளையாத பட்டையோடு சேர்த்துக் கட்டிப் படுக்கச் சொன்னார். கட்டுப் போடும்போது ஊரைக் கேட்டார். சொன்னேன்.

"இத சென்னையிலயே செய்றாங்களே. ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

மருமகன் அதற்குள் திரும்பி வந்திருந்தார். அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"அங்கன எங்களுக்கு யாரையும் தெரியாதும்மா" என்றேன்.

பொய் இல்லை. எங்கள் குடும்பத்தில் பினாங்கு பார்க்காத ஆள் நான் ஒருத்தன்தான் இருந்தேன். மெட்ராஸ் பார்த்த ஆள் ஒருத்தரும் இல்லை. கடல் தாண்டினால் கிழக்கே எந்தக் கடை எந்த முக்கில் என்று சொல்லுவோம். வடக்கே போகிற ரயில் எத்தனை மணிக்கு என்று தெரியாது. இதில் பெருமை வேறு.

மகள் பெட்டியில் தைலம் வைக்கப் பார்த்தாள். டாக்டர் கனம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். இடது கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஊருக்கு வந்த அன்று மச்சான் வந்தார். முதலில் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சாமானெல்லாம் எங்க மச்சான்?"

வலது கையை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினேன்.

"சபர் போயிட்டு வெறுங்கையோடயா வந்தீக?"

"வெறுங்கைக்குத்தானே போனேன்."

அன்றைக்கு அவர் டீ குடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அது புதுசு.

காயம் ஆறினதும் தம்பி ஒரு நாள் விடியற்காலையில் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனான். நங்கூரத்தை என்னைப் போடச் சொன்னான். போட்டேன். கயிறு கையை விட்டு ஓடியது. நான் நின்றேன்.

"சரி காக்கா" என்றான். எங்களில் அண்ணனைக் காக்கா என்போம். "ஆனா மோதிர விரல் திரும்ப மடங்குச்சுன்னா நீயா எறங்கிரணும். நான் சொல்ற மாதிரி வச்சுக்கிறாத."

ஒத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு வருசம் ஆகிறது. சுண்டு விரலுக்குக் கீழே உள்ளங்கையில் மறுபடியும் குழி விழுந்திருக்கிறது; முதலிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. மச்சானுக்கு அது எப்படியோ தெரிந்து, எண்ணெயோடு வந்தார். டீ மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை நாங்கள் கடலுக்குப் போவதில்லை. ஜும்மா முடிந்து கரைக்கு வந்தால் தம்பி வள்ளத்துப் பலகையைக் கைலியால் துடைப்பான். "வை காக்கா" என்பான். கையைக் கவிழ்த்து வைப்பேன். அவன் குனிந்து, பலகைக்கும் விரலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, கட்டை விரலில் தொடங்கிப் பட்ட விரலை எண்ணுவான்.

போன வெள்ளிக்கிழமை, நாலு.