பதிவு வேறு, அங்கீகாரம் வேறு

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'ஆவி அக்கா' என்று பெயர். அறுவை சிகிச்சைக் கத்திகளையும் இடுக்கிகளையும் கழுவி, துணியில் பொதிந்து, நீராவி இயந்திரத்தில் வைத்துக் கிருமி நீக்கும் அறை அவள் பொறுப்பு. "ஆவி வந்தாச்சா?" என்று நர்ஸுகள் போனில் கேட்பார்கள். "வந்தாச்சு, யார் மேல ஏறணும்?" என்பாள். வாய் ஓயாமல் சிரிக்க வைக்கிற மனுஷி.

அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரே ஒரு ஆசை கனன்றுகொண்டிருந்தது. தானும் நர்ஸ் ஆகவேண்டும். அப்பா படுக்கையில் விழுந்தபோது பாதியில் விட்ட பள்ளிப் படிப்புதான் குறுக்கே நின்றது. நர்ஸிங் கல்லூரியில் வயது வரம்பு வேறு. அடுத்த வருடத்தோடு கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால்தான் வீட்டிலிருந்தே ஆன்லைனில் பள்ளிப் படிப்பை முடிக்கலாம் என்ற விளம்பரம் கண்ணில் பட்டதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் சேரவில்லை. அந்தப் பள்ளிக்கே போன் போட்டு அங்கீகாரம் உண்டா என்று கேட்டாள். தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண், "என்ன தங்கம் இப்படிக் கேட்டுட்டீங்க? உலகக் கல்விப் பேரவையே குடுத்திருக்கு" என்றாள். பேரைக் கேட்டதுமே இவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் பாடம் கேட்டாள். இயந்திரம் ஓடுகிற நேரத்தில் வேதியியல் சமன்பாடுகளை முணுமுணுத்தாள். பஸ் டெப்போவில் டயர் மாற்றும் கணவன் அடுப்படியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, "டாக்டரம்மா, உப்பு போதுமா?" என்று கிண்டலடிப்பான். சான்றிதழ் வந்த அன்று டெப்போ முழுக்கச் சொல்லிவிட்டு வந்ததும் அவன்தான்.

கல்லூரியில் சேர்க்கையைக் கவனிக்கும் அம்மாள் கணினியில் பள்ளியின் பெயரைத் தட்டினார். எழுத்துப் பிழையோ என்று மறுபடியும் தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஸ்கூல் பதிவு ஆகியிருக்கும்மா. அங்கீகாரம் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"மளிகைக் கடை தொறந்தாக்கூட பதிவு பண்ணித்தான் ஆகணும். அங்கீகாரம்னா, ஸ்கூலுக்குச் சம்பந்தமே இல்லாதவங்க வந்து, என்ன பாடம், யாரு நடத்துறாங்க, பரீட்சை ஒழுங்கா நடக்குதான்னு பார்த்துச் சொல்றது. அது இல்லேன்னா எந்தக் காலேஜும் எடுக்காது, வேலைக்கும் எடுக்க மாட்டாங்க."

இவள் விடவில்லை. சான்றிதழில் இருந்த பேரவையின் முத்திரையைக் காட்டினாள். நல்ல மனசுக்காரர் அந்த அம்மாள். முத்திரைக்குக் கீழே இருந்த எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"உலகக் கல்விப் பேரவை. சொல்லுங்க தங்கம்."

அதே தேன். அதே பெண்.

பாவம், அவளுக்கு ஏமாற்றியவள் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்ததுதான் அதிகம். வேலை முடிந்தது என்று இயந்திரம் பச்சை விளக்கைக் காட்டினால் ஒரு நாளாவது நம்பியிருக்கிறாளா? உயிருள்ள கிருமி அடைத்த சிறு குப்பியையும் உள்ளே வைத்தெடுத்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, கிருமி செத்துவிட்டது என்று அவர்கள் சொன்ன பிறகுதானே கத்தியைக் கையை விட்டு விடுவாள்?

"மெஷின்கிட்டயே போய், நீ ஒழுங்கா வேலை செஞ்சியான்னு கேட்டுட்டு வந்திருக்கேன் மேடம்" என்றாள். அந்த அம்மாளுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இந்த முறை கல்வித் துறைக்கே நேரில் போய் விசாரித்துவிட்டுத்தான் அங்கீகாரம் உள்ள ஒரு ஆன்லைன் பள்ளியைப் பிடித்தாள். படித்த எதுவும் கணக்கில் வராது என்றார்கள். ஆனால் எல்லாப் பரீட்சைகளையும் ஒரே மூச்சில் எழுத அனுமதி உண்டு. ஒன்றில் தவறினாலும் வயது வரம்பு முந்திக்கொள்ளும்.

கேட்டதும் கணவன் தட்டை அப்படியே வைத்துவிட்டான். கிண்டல் வரவில்லை.

"தேறலேன்னா?"

"நான் தேறலேன்னு இருக்கட்டுங்க. ஸ்கூல் தேறலேன்னு இருக்க வேண்டாம்."

வேதியியலை முதல் பாடத்திலிருந்து திறந்தாள். எல்லாம் தெரிந்த பாடம்தான். ஆனாலும் தனக்கு நிஜமாகவே தெரியுமா என்று இப்போது அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அந்தப் பழைய பள்ளியில் போட்ட மார்க்கெல்லாம் யார் போட்டது? ஒவ்வொரு வரியையும் புதிதாகப் பார்ப்பதுபோல விரலை வைத்துப் படித்தாள்.