நல்ல தண்ணீர்க் கிணறும் ஏஞ்சல் முட்டைகளும்

கலண்டரில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வெள்ளி. தொட்டியில் பாதித் தண்ணீர் மாற்றினேன். முட்டைகள் இம்முறையும் வெள்ளை.”

முட்டை வெள்ளையாகிவிட்டால் அது செத்துவிட்டது என்று பொருள். எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் கண்ணாடித் தொட்டி என் மனைவியுடையது. அதில் ஒரு சோடி ஏஞ்சல் மீன்களைக் குஞ்சுப் பருவத்திலிருந்து வளர்த்தாள். அவை அகன்ற இலையொன்றில் வரிசையாக முட்டையிடும், இரண்டும் மாறி மாறிச் செட்டையால் விசிறும், பிறகு எல்லாம் வெள்ளையாகும். அந்த முறை பெண் மீனும் உண்ணாமல் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்திருந்தது. சோடியில் ஒன்று போனால் மற்றதும் நிற்காது என்று அவள் பயந்தாள்.

பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் பயிர் செய்பவர் அவளுடைய தம்பி. வந்து எட்டிப் பார்த்தார்.

“மச்சான், கடல்ல கெடக்கிற மீன் சாவுதில்ல. உங்கட கண்ணாடிப் பெட்டியிலதான் சாவுது.”

“நீ வந்து மூச்சு விட்டா அதுவும் செத்துரும். தள்ளி நில்லு” என்றாள் அவள்.

புத்தளத்தில் மீன் விற்கும் கடையொன்றில் தண்ணீர் சோதிக்கும் தாள்களை வாங்கி வந்தேன். நனைத்தால் ஒவ்வொரு கட்டமும் நிறம் மாறும். அமோனியாக் கட்டம் மாறவில்லை. நைத்திரேற்றுக் கட்டம் கடும் சிவப்பாயிற்று. மீன் கழிவு உக்கிக் கடைசியில் சேருகிற உப்பு அது; கூடினால் மீனை மெல்ல மெல்ல வாட்டும். நான் படித்த நூல்கள் எல்லாம் ஒரே பரிகாரத்தைக் கூறின: தண்ணீரை மாற்று. மாற்றினேன். மறுபடி நனைத்தேன். சிவப்பு குறையவில்லை. வாரத்துக்கொரு முறை மாற்றியதை ஒன்றுவிட்டொரு நாள் மாற்றினேன். பெண் மீன் இன்னும் சோர்ந்தது.

கிணற்றை நாங்கள் யாரும் சந்தேகிக்கவில்லை. இந்தக் கடலோரத்தில் தண்ணீரை நாக்கால்தான் சோதிப்போம். உப்புக் கரித்தால் கெட்டது, கரிக்காவிட்டால் நல்லது. எங்கள் கிணறு கரிக்காது. கோடையில் நாலு வீட்டார் குடத்தோடு வருவார்கள். அப்படிப்பட்ட கிணற்றைச் சோதிப்பது வந்த விருந்தாளியின் பையைத் திறந்து பார்ப்பது போல.

என் மனைவி திறந்து பார்த்தாள். நான் தொட்டியில் ஊற்றத் தூக்கிய வாளியை நிறுத்தச் சொல்லி, அதில் ஒரு தாளை நனைத்தாள்.

“இஞ்சப் பாருங்க. தொட்டியில உள்ள அதே செவப்பு.”

“தாள் பழுதாப் போயிருக்கும்.”

“அப்ப இந்தா, கடையில வாங்கின போத்தல் தண்ணி.” அதில் இன்னொரு தாளை நனைத்தாள். நிறமே வரவில்லை.

நஞ்சைக் கழுவுவதாக நினைத்து, நான் வாளி வாளியாக அதையே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் மண் வெறும் மணல். தோட்டத்துக்குப் போடுகிற உரம் அதனூடாகக் கிணற்றுக்கு இறங்குவது இலகு. தம்பியிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது.

“வாப்பா காலத்திலருந்து குடிக்கிற தண்ணி! இந்தக் கடதாசித் துண்டு சொன்னா நம்புறதா?”

“கடதாசிய நம்ப வேணாம். உன்ட கிணத்துலயும் நனைச்சுப் பாரு” என்று ஒரு தாளை நீட்டினாள் அவள்.

அன்று பின்னேரம் அவர் ஒரு நீலப் பரலை, பெரிய பிளாஸ்டிக் பீப்பாயை, தலையில் சுமந்துகொண்டு வந்தார். அவர் கிணற்றில் என்ன நிறம் வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

“மழத் தண்ணி புடிங்க, ராத்தா” என்றார் அக்காவிடம்.

“பூச்சி மருந்து கலக்கின பரலாடா?”

“இல்ல, கருவாடு ஊறப் போட்டது.”

“நல்ல வேல! உப்பும் சேத்துக் குடுப்பம்.”

தேய்த்துத் தேய்த்துக் கழுவவைத்தாள். கூரைத் தண்ணீர் வழியும் பீலியின் கீழே அவரே பரலை வைத்தார். சித்திரை மழை வந்தது. கூரை அழுக்கோடு வந்த முதல் தண்ணீரை விட்டுவிட்டு, பிறகு வந்ததைப் பிடித்தோம். மீன் அதிர்ச்சியடையாதபடி நாளுக்கொரு சிறு வாளியாக மாற்றினோம். சிவப்பு இளஞ்சிவப்பாகியது, பெண் மீன் கீழே இறங்கி இரை தின்றது. எங்கள் குடிநீரையும் அந்த வாரமே மாற்றிக்கொண்டோம்; குடத்தோடு வருபவர்களிடமும் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தோம்.

அடுத்த முட்டைகள் வெள்ளையாகவில்லை. இலையில் வால்கள் துடித்தன. பிறகு கண்கள் தெரிந்தன. பிறகு ஒரு காலையில் முழுக் கூட்டமும் தாயின் பின்னால் நீந்திக்கொண்டிருந்தது. கிணற்றடிக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு நான் காட்டினேன். “இவட கண்டுபிடிப்பு” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். போதும் என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. நான் வாசித்த நூல்களில் ஒன்றுகூட ஊற்றுகிற தண்ணீரைச் சோதி என்று எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

இருந்தாலும் ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். நைத்திரேற்றுக் குறைந்ததால்தான் குஞ்சு பொரித்ததா, மழைநீர் சுண்ணாம்பில்லாத மென்னீர் என்பதாலா என்பதை நாங்கள் பிரித்தறியவில்லை. அறிவதற்கு இன்னொரு முட்டைத் தொகுதியைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு அவள் சம்மதிக்கமாட்டாள். எனவே இது இன்னும் உறுதிசெய்யப்படாதது.